ஆணிப் படுக்கையும் ஐந்து குடைகளும்

1863 பிப்ரவரித் தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரக் காவல்துறையின் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. வண்டியில் போகும் வழியில் கையெழுத்துப் பிரதிக் கட்டு ஒன்று தெருவில் விழுந்துவிட்டது; கண்டெடுத்துத் தருபவருக்கு 50 ரூபிள் பரிசு. விளம்பரம் கொடுத்தவர் கவிஞர் நெக்ராசவ், 'சவ்ரெமென்னிக்' என்ற மாத இதழின் ஆசிரியர். தொலைந்தது ஒரு நாவலின் ஒரு பகுதி. அதை எழுதியவரோ அதே நகரில், பீட்டர்-பால் கோட்டையின் தனிச்சிறையில், அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்ற சந்தேகத்தில் அடைபட்டிருந்தார். காவல்துறை பிடித்து வைத்திருந்த ஆளின் நாவலைக் காவல்துறையின் பத்திரிகையே தேடிக் கொடுத்தது. சில நாளில் ஏழைக் குமாஸ்தா ஒருவர் கட்டைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவர் அதை அடுப்பில் போட்டிருந்தால் உலக இலக்கியத்துக்குப் பெரிய நட்டம் எதுவும் வந்திருக்காது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. உலக வரலாற்றைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம்.

நாவலின் பெயர் 'என்ன செய்ய வேண்டும்?'. எழுதியவர் நிகலாய் செர்னிஷேவ்ஸ்கி. 1828இல் வோல்கா கரையிலுள்ள சராத்தவ் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். இறையியல் பள்ளியில் படித்துப் பிறகு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1850களின் பிற்பகுதியில் 'சவ்ரெமென்னிக்' இதழில் பொருளாதாரம், தத்துவம், இலக்கியம் என்று எழுதிக் குவித்து, இருபது வயதுக்காரர்களின் ஆசானாகிவிட்டார். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. நிலத்துக்கு விலை கொடுக்கச் சொன்னதால் குடியானவர்கள் கொதித்தார்கள். மாணவர் கலகங்கள் மூண்டன. 1862 ஜூலையில் செர்னிஷேவ்ஸ்கி கைதானார். வலுவான சான்று எதுவும் கையில் இல்லாததால் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. அந்த இடைவெளியில், 1862 டிசம்பரிலிருந்து 1863 ஏப்ரல் வரை, நான்கு மாதத்துக்குள் நாவலை எழுதி முடித்தார்.

தணிக்கையைத் தாண்டிய கதை அரசு அலுவலகங்களின் இயல்பை அறிந்தவர்களுக்கு வியப்பு தராது. சிறை விசாரணைக் குழு பிரதியைப் புரட்டிப் பார்த்தது. வழக்குக்குத் தொடர்பானது எதுவும் இல்லை, காதல் கதைதான் என்று முத்திரை குத்தி அனுப்பியது. இதழ்களுக்கான தணிக்கையாளர் அந்த முத்திரையைப் பார்த்தார். மேலிடமே அனுமதித்த பிறகு தனக்கென்ன என்று விட்டுவிட்டார். 1863ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல், மே இதழ்களில் நாவல் வெளிவந்துவிட்டது. பிறகுதான் மேலிடத்துக்கு விழிப்பு வந்தது. தணிக்கையாளர் பெக்கெத்தவின் வேலை போயிற்று. நூலாக வெளியிடத் தடை விழுந்தது. 1905 புரட்சிக்குப் பிறகே ரஷ்யாவுக்குள் அது நூலாக வர முடிந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் இளைஞர்கள் அதைப் பழைய இதழ்களிலிருந்து பிய்த்துத் தைத்தும், கையால் படியெடுத்தும், ஜெனீவாவில் 1867 முதல் அச்சான பதிப்புகளைக் கடத்திக்கொண்டு வந்தும் படித்தார்கள்.

கலையாகப் பார்த்தால் இது தடுமாறும் நாவல். பாத்திரங்கள் பேசுவது பல இடங்களில் பொருளாதாரப் பாடம் போல ஒலிக்கும். ஆசிரியர் அடிக்கடி கதையை நிறுத்தி, 'புத்திசாலி வாசகர்' என்று ஒருவரைக் கற்பித்துக்கொண்டு அவரைக் கிண்டல் செய்வார். நாடுகடந்து வாழ்ந்த ரஷ்யச் சிந்தனையாளர் ஹெர்சனுக்கே நடை சகிக்கவில்லை; ஆனால் உள்ளே நல்ல விஷயம் நிறைய இருக்கிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை. துர்கேனெவ், தல்ஸ்தோய், தஸ்தயெவ்ஸ்கி மூவரும் எழுதிக்கொண்டிருந்த பத்தாண்டு அது. அந்த மூவரையும் விட்டு ஒரு தலைமுறையின் பிள்ளைகள் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள ஏன் இந்த நாவலிடம் போனார்கள்? செவ்வியல் நாவல் இளம் வாசகரை மாற்றும் என்று பேசும்போது அதன் அழகையும் ஆழத்தையுமே காரணமாகச் சொல்வது வழக்கம். இந்த நாவலின் வரலாறு அந்த விளக்கத்துக்குள் அடங்குவதாக இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேரா பாவ்லவ்னா பீட்டர்ஸ்பர்க்கில் நடுத்தரக் குடும்பத்துப் பெண். வீட்டு உரிமையாளரின் மகனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது தாயின் கணக்கு. அவள் தம்பிக்குப் பாடம் சொல்ல வரும் மருத்துவ மாணவன் லப்புகோவ் அவளைத் திருமணம் செய்து வீட்டிலிருந்து மீட்கிறான். புது வீட்டில் அவளுக்கு ஓர் அறை, அவனுக்கு ஓர் அறை, தேநீர் குடிக்கப் பொதுவில் ஓர் அறை. ஒருவர் அறைக்குள் மற்றவர் அனுமதியின்றி நுழைவதில்லை. வேரா தையற்கூடம் ஒன்றைத் தொடங்கி, லாபத்தைத் தையல்காரிகளுக்கே பங்கிடுகிறாள். பிறகு கணவனின் நண்பன் கிர்சானவை அவள் நேசிக்கத் தொடங்க, லப்புகோவ் தற்கொலை செய்துகொண்டது போல நாடகமாடி அமெரிக்காவுக்குப் போய்விடுகிறான். வேரா கிர்சானவை மணக்கிறாள், மருத்துவம் படிக்கிறாள். லப்புகோவ் வேறு பெயரில் திரும்பி வந்து வேறொரு பெண்ணை மணக்க, இரண்டு தம்பதிகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள்.

இன்று படிப்பவருக்கு இது தொலைக்காட்சித் தொடரின் கதை போலத் தோன்றலாம். 1863இல் இதை ஒரு பிரபுவின் வீட்டு மாடியறையில் திருட்டுத்தனமாகப் படித்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது தோன்றிய விதமே வேறு. அன்றைய ரஷ்யச் சட்டப்படி மணமாகாத பெண் தகப்பனின் அதிகாரத்தில் இருந்தாள், மணமானவள் கணவனின் அதிகாரத்தில் இருந்தாள். இருவரில் ஒருவர் சம்மதிக்காமல் தனியே குடியிருக்கவும் வெளியூர் போகவும் அவளால் கடவுச்சீட்டு வாங்க முடியாது. 1859இலிருந்து சில ஆண்டுகள் பல்கலைக்கழக வகுப்புகளில் உட்கார்ந்து கேட்கப் பெண்களை விட்டிருந்தார்கள். நாவல் வெளிவந்த அதே 1863இல் வந்த புதிய பல்கலைக்கழகச் சட்டம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. பண்ணையடிமை முறை போனதோடு சிறு நிலப்பிரபுக்கள் பலர் நொடித்துப் போக, அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் என்பது புதிதாக எழுந்த தேவை. ஆசையும் நெருக்கடியும் ஏற்கெனவே இருந்தன, வழிதான் தெரியவில்லை. கதாநாயகி அழுதுகொண்டே செத்துப்போகும் நாவல்கள் நிறைய இருந்தன. இந்த நாவலோ ஒரு வழியைச் சொன்னது: நல்லவன் ஒருவனைப் பிடி, பெயருக்குக் கல்யாணம் செய், கடவுச்சீட்டை வாங்கு, கிளம்பு.

கிளம்பினார்கள். பொய்த் திருமணம் 1860களில் ஒரு வழக்கமாகவே ஆனது. அவற்றில் உலகறிந்தது சோஃபியா கோவலெவ்ஸ்கயாவின் திருமணம். படைத்தளபதியின் மகள், கணிதத்தில் பித்து. அவளும் அக்கா அன்யூத்தாவும் வெளிநாடு போய்ப் படிக்க வழி தேடியபோது, அக்காவுக்கோ தோழி ஒருத்திக்கோ ஒரு 'கணவன்' கிடைத்தால் மற்றவர்கள் கூடவே போய்விடலாம் என்பது திட்டம். டார்வினை ரஷ்ய மொழியில் பதிப்பித்துக்கொண்டிருந்த விளாதீமிர் கோவலெவ்ஸ்கி இசைந்தார். ஆனால் தங்கையைத்தான் மணப்பேன் என்றார். 1868இல், பதினெட்டு வயதில், சோஃபியாவுக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஹைடல்பர்க். பிறகு பெர்லின், அங்கே பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காததால் கணித அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் அவருக்குத் தனியாகப் பாடம் சொன்னார். 1874இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம். 1880களில் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர் பதவி.

நாவலில் வராத பகுதியும் இதில் உண்டு. பெயருக்குச் செய்த திருமணம் சில ஆண்டுகளில் உண்மைத் திருமணமானது. 1878இல் ஒரு பெண் குழந்தை. வியாபாரத்தில் இறங்கிய விளாதீமிர் கடனில் மூழ்கி 1883இல் தற்கொலை செய்துகொண்டார். லப்புகோவின் தற்கொலை நாடகம், இவருடையது அப்படியில்லை. சோஃபியா பிற்காலத்தில் எழுதிய, அவர் மறைவுக்குப் பின் 1892இல் வெளிவந்த 'நிஹிலிஸ்டுப் பெண்' நாவலில் கதாநாயகி ஒரு கைதியைக் காப்பாற்ற அவனைப் பெயருக்கு மணந்துகொள்கிறாள். அவள் பெயரும் வேராதான்.

வாழ்க்கை நாவலைப் பார்த்து நடந்ததா, நாவல் வாழ்க்கையைப் பார்த்து எழுதப்பட்டதா என்பது எப்போதும் தெளிவாக இல்லை. மரியா அப்ருச்சேவா என்ற பெண் படிப்பதற்காக மருத்துவர் பக்கோவைப் பெயருக்கு மணந்தார். பிறகு உடலியலாளர் இவான் செச்சேனவின் துணைவியானார். மூவரும் பகையின்றிப் பழகினார்கள். மரியா சூரிச்சில் மருத்துவப் பட்டமும் பெற்றார். வேரா, லப்புகோவ், கிர்சானவ் மூவரின் மூலவடிவம் இவர்களே என்று சமகாலத்தவர் பேசிக்கொண்டார்கள். கால வரிசையைப் பார்த்தால் அந்த உறவின் ஒரு பகுதி நாவல் எழுதப்பட்ட பிறகு முதிர்ந்ததாகத் தெரிகிறது. ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த முடிவு இல்லை. இரினா பாப்பெர்னோ 1988இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த இருவழிப் போக்குவரத்தையே மையமாக எடுத்துக்கொண்டது. செர்னிஷேவ்ஸ்கி தன் சொந்தத் தயக்கங்களையும் மணவாழ்வின் சிக்கல்களையும் மாதிரி வாழ்க்கையாக வார்த்தார், வாசகர்கள் அந்த வார்ப்பை எடுத்துத் தம் வாழ்க்கையை வார்த்தார்கள் என்பது அவர் காட்டும் சித்திரம்.

செர்னிஷேவ்ஸ்கியே ஒரு நாவல் வாசகராகத்தான் தொடங்கினார் என்பதை இங்கே மறக்கக் கூடாது. அவர் காலத்து ரஷ்ய மாணவர்களைப் போல அவரும் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டின் நாவல்களில் ஊறியவர். சாண்டின் 'ஜாக்' நாவலில் மனைவி வேறொருவனை நேசிப்பதை அறிந்த கணவன் அவளுக்கு விடுதலை தருவதற்காக உயிரை விடுகிறான். 1853இல் ஓல்காவை மணக்கும் முன் செர்னிஷேவ்ஸ்கி எழுதிய நாட்குறிப்பில், மனைவிக்கு முழுச் சுதந்திரம், அவள் மனம் மாறினால் தடுக்கக் கூடாது என்றெல்லாம் தனக்குத்தானே சட்டம் வகுத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்துச் சிறையில் அதே கதையை எடுத்தபோது கணவனைச் சாக விடவில்லை. தொப்பியில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டையைப் போட்டுவிட்டு ஆளை அமெரிக்காவுக்கு அனுப்பினார். துன்பியல் முடிவைத் திருத்தி நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடாக்கினார். அவருடைய நாவல் முழுவதிலும் ஓடுவது இந்தத் திருத்தும் கைதான்.

தையற்கூடத்தைப் பற்றிய பக்கங்களைப் பாருங்கள். முதலில் கூலி, பிறகு லாபப் பங்கு, பிறகு பொது நிதி, பிறகு எல்லோரும் ஒரே வீட்டில் குடியேறுவது என்று படிப்படியாகக் கணக்கு வருகிறது. குடைக்கும் கணக்கு உண்டு. தனித்தனியே வாழும் 25 தையல்காரிகளுக்கு 25 குடை வேண்டும்; ஒரே வீட்டில் இருந்து ஒரே இடத்தில் வேலை செய்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போவதில்லை, 5 நல்ல குடைகள் போதும். இலக்கிய ரசிகர்களுக்கு இந்த இடத்தில் கொட்டாவி வரும். சும்மா இருக்கப் பிடிக்காத இருபது வயதுக்காரிக்கு இந்த இடத்தில்தான் கை பரபரக்கும்.

பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் வேறு ஊர்களிலும் தையற்கூடங்கள் முளைத்தன. பெரும்பாலானவை நீடிக்கவில்லை. நடத்த வந்த பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்குத் தையலும் தெரியாது, வியாபாரமும் தெரியாது. வேலைக்கு வந்த ஏழைப் பெண்கள் இந்த நாவலைப் படித்தவர்கள் அல்ல. அவர்களுக்கு மாதக் கடைசியில் வரும் லாபப் பங்கைவிட வாரக் கூலி முக்கியம். கல்வியாளர் எலிஸவேத்தா வதவோஸவாவின் நினைவுக் குறிப்புகள் இந்த உற்சாகத்தையும் அதன் சரிவையும் கூடவே இருந்து பார்த்தவரின் குரலில் சொல்கின்றன. எழுத்தாளர் ஸ்லெப்த்சோவ் 1863இல் ஸ்னாமென்ஸ்கயா தெருவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாழும் கூட்டுக்குடியிருப்பைத் தொடங்கினார். செலவுக் கணக்கிலும் வீட்டு வேலையிலும் சண்டை வந்து சில மாதங்களில் கலைந்தது.

இவையெல்லாம் தோல்வி என்றால் தோல்விதான். ஆனால் பிற்காலத்தில் பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் த்ரேப்பவைச் சுட்டு, 1878இல் ஜூரிகளால் விடுதலையான வேரா சசூலிச் தன் இளமையில் இத்தகைய கூட்டுறவுத் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். சூரிச் பல்கலைக்கழகத்தில் ரஷ்யப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்ததைக் கண்டு மிரண்ட ஜார் அரசு, 1873இல் அவர்களை நாடு திரும்பச் சொல்லி ஆணையிட்டது. 1872இல் பீட்டர்ஸ்பர்க்கிலேயே பெண்களுக்கான மருத்துவப் படிப்பு தொடங்கிவிட்டது. இதற்கெல்லாம் ஒரு நாவலைக் காரணமாக்குவது மிகை. நதேஷ்தா சுஸ்லவா போன்றவர்கள் வேரா பாவ்லவ்னாவுக்கு முன்பே படிக்கக் கிளம்பியிருந்தார்கள். 1867இல் சூரிச்சில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் ரஷ்யப் பெண் அவர். நாவல் செய்தது, தனித்தனி வீடுகளில் தனித்தனியாக மறுகிக்கொண்டிருந்தவர்களுக்குத் தம்மைப் போல் வேறு பலர் உண்டு என்று காட்டியது.

பையன்களின் கதை வேறு. அவர்களை ஈர்த்தது வேராவும் அல்ல, குடைக் கணக்கும் அல்ல. நாவலில் சில பக்கங்களே வந்துபோகும் ராக்மேத்தவ்.

பணக்கார நிலப்பிரபுவின் மகன் இவன், வயது 22. தன் வருமானத்தில் சிறு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு ஏழை மாணவர்களைப் படிக்க வைக்கிறான். வோல்காவில் படகிழுக்கும் கூலிகளோடு சேர்ந்து படகிழுத்திருக்கிறான். உடம்பு வலுவாக வேண்டும் என்று மாட்டிறைச்சி தின்பான். மற்றபடி ஏழைகள் எப்போதாவது தின்னக்கூடியதைத்தான் தொடுவான். ஆரஞ்சுப் பழத்தைப் பீட்டர்ஸ்பர்க்கில் தின்பான், நாட்டுப்புறத்தில் தின்ன மாட்டான். அங்கே சாதாரண மக்களுக்கு அது கிடைக்காது. பெண் ஒருத்தி நேசித்தபோது விலகிவிடுகிறான். ஒருநாள் நூற்றுக்கணக்கான சிறு ஆணிகள் மேல்நோக்கி நிற்கும் விரிப்பில் இரவு முழுதும் படுத்து, முதுகெல்லாம் ரத்தமாக எழுந்து வருகிறான்: தன்னால் தாங்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தானாம். ஒரே பலவீனம் விலை உயர்ந்த சுருட்டு. இந்தச் சுருட்டுதான் பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கிறது என்று தோன்றுகிறது. அது இல்லாவிட்டால் தேவாலயச் சுவரில் தீட்டிய புனிதர் படமாகவே நின்றிருப்பான்.

இவனைக் கதைக்குள் கொண்டுவந்த காரணத்தை ஆசிரியரே சொல்கிறார். வேராவும் லப்புகோவும் கிர்சானவும் உயர்ந்த மனிதர்கள் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் யாரும் எட்டக்கூடிய சாதாரண நல்லவர்கள். அளவு தெரிய வேண்டுமே என்பதற்காகத்தான் உண்மையிலேயே அசாதாரணமான ஒருவனை நிறுத்திக் காட்டுகிறார். இவனைப் போல் எல்லோரும் ஆக வேண்டாம் என்பது குறிப்பு. வாசகர்கள் அந்தக் குறிப்பைச் சட்டை செய்யவில்லை.

மாஸ்கோவில் நிகலாய் இஷூத்தின் என்ற இளைஞரைச் சுற்றி ஒரு குழு உருவானது. உலகம் கண்ட மாமனிதர்கள் மூவர், இயேசு, பவுல், செர்னிஷேவ்ஸ்கி என்பது அவர் வாக்கு. குழுவினர் சொத்தைத் துறந்தார்கள், கட்டாந்தரையில் படுத்தார்கள், நாவலைப் பார்த்துத் தையற்கூடமும் தொடங்கினார்கள், அதற்குள் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டிருந்த செர்னிஷேவ்ஸ்கியை மீட்கவும் திட்டமிட்டார்கள். இஷூத்தினின் உறவினர் கரகோசவ் 1866 ஏப்ரலில் இரண்டாம் அலெக்சாந்தர் ஜாரைச் சுட்டார். குறி தவறியது, தூக்கில் ஏற்றப்பட்டார். அதைத் தொடர்ந்த அடக்குமுறையில் 'சவ்ரெமென்னிக்' இதழும் மூடப்பட்டது. நாவலில் ராக்மேத்தவ் யாரையும் சுடுவதில்லை. தணிக்கைக்கு அஞ்சி ஆசிரியர் எழுதாமல் விட்ட இடங்களை வாசகர்கள் தம் கோபத்தால் நிரப்பிக்கொண்டார்கள்.

கடல் கடந்தும் அந்தப் பெயர் போயிற்று. 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஆலைத் தலைவர் ஃப்ரிக்கைக் கொல்ல பிட்ஸ்பர்க் வந்த அலெக்சாந்தர் பெர்க்மன், விடுதிப் பதிவேட்டில் எழுதிய பெயர் ராக்மேத்தவ். அவருடைய தோழி எம்மா கோல்ட்மன் அதே நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு; வேரா பாவ்லவ்னாவின் வழியில் ஒரு கூட்டுறவுத் தையற்கடையை அமெரிக்காவில் நடத்திப் பார்த்தார். ஒரே புத்தகம், ஒரே தோழமை. எம்மா கைக்குத் தையல் இயந்திரம், பெர்க்மன் கைக்குத் துப்பாக்கி.

சைபீரியாவில் கிடந்த ஆசிரியரை மீட்கப் போனவர்கள் கதை தனி. 1864 மே மாதம் பீட்டர்ஸ்பர்க் சதுக்கம் ஒன்றில் செர்னிஷேவ்ஸ்கியை மண்டியிட வைத்துத் தலைக்கு மேல் வாளை ஒடித்து, குடியுரிமை பறிக்கும் சடங்கை நடத்தினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் பூக்களை வீசினாள். கடுழியம் ஏழாண்டு, பிறகு யாகுத்தியாவின் வில்யூஸ்க் சிற்றூரில் காவல். 1875இல் இப்பலீத் மீஷ்கின் என்ற இளைஞர் காவல்படை அதிகாரி போல் சீருடை அணிந்து, போலி ஆணையோடு அத்தனை தொலைவும் போய்ச் சேர்ந்தார். சீருடையின் அலங்காரக் கயிற்றைத் தவறான தோளில் மாட்டியிருந்ததைக் கண்டு உள்ளூர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செர்னிஷேவ்ஸ்கி 1883 வரை அங்கேயே இருந்தார். கடைசியில் சொந்த ஊர் சராத்தவுக்குத் திரும்ப விட்டார்கள், 1889இல், இறப்பதற்குச் சில மாதம் முன்.

இந்த வாசகர் வரிசையில் மிகவும் பேசப்படுபவர் விளாதீமிர் உல்யானவ், பிற்காலத்து லெனின். அவருடைய வாசிப்பு அனுபவம் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஏனென்றால் அவர் நாவலை இரண்டு முறை சந்தித்தார், முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை.

செய்தி வலென்டீனவ் என்ற பழைய தோழர் வழியாக வருகிறது. 1904இல் ஜெனீவாவில் வலென்டீனவ் இந்த நாவலைத் திறமையற்ற எழுத்து என்று இகழ, லெனின் சீறி எழுந்தாராம். பதினான்கு வயதில் படித்தபோது மேலோட்டமாகப் போய்விட்டது. அது பயனற்ற வாசிப்பு. அண்ணன் தூக்கிலிடப்பட்ட பிறகு, அது அண்ணனுக்கு மிகவும் பிடித்த புத்தகம் என்பதால் மறுபடி எடுத்து, நாள்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் அதோடு உட்கார்ந்தார். அப்போதுதான் அதன் ஆழம் தெரிந்தது, தன்னை முழுதாக உழுது போட்டது என்று சொன்னதாகப் பதிவு. அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவ் மூன்றாம் அலெக்சாந்தர் ஜாரைக் கொல்லச் சதி செய்ததற்காக 1887 மே மாதம் ஷ்லிசெல்பர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர். தம்பிக்கு அப்போது பதினேழு வயது. அந்த ஆண்டு இறுதியில் மாணவர் போராட்டத்துக்காகக் கசான் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, கக்கூஷ்கினோ கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். செர்னிஷேவ்ஸ்கியின் முகவரி கிடைத்ததும் கடிதம் எழுதியதாகவும் பதில் வராதது வருத்தமாக இருந்ததாகவும் பின்னாளில் அவர் சொன்னதாக இன்னொரு பதிவு உண்டு. மனைவி குரூப்ஸ்கயாவுக்கும் ஒரு வியப்பு: அந்த நாவலின் சின்னஞ்சிறு விவரங்கள் வரை அவருக்கு நினைவிருந்தன.

வலென்டீனவின் நூல் 1953இல் வெளிவந்தது. உரையாடல் நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. எழுதியபோது அவர் லெனினோடு முறித்துக்கொண்டு நாடுகடந்து வாழ்ந்தவர். சொல்லுக்குச் சொல் நம்பிவிடக் கூடாது. ஆனால் 1902இல் லெனின் தன் கட்சி அமைப்புத் திட்டத்தை வெளியிட்டபோது வைத்த தலைப்பு, இந்த நாவலின் தலைப்பேதான். தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த 'என்ன செய்ய வேண்டும்?' அந்த அரசியல் நூல்தான், பின்னால் ஒரு காதல் நாவல் இருப்பது பலருக்குப் புதுச் செய்தி. எல்லாவற்றையும் துறந்து ஒன்றையே தொழிலாகக் கொள்ளும் புரட்சியாளன் என்ற கருத்துக்கும் ராக்மேத்தவுக்கும் உள்ள முகச்சாயல் தற்செயல் என்று வாதிடுவது எளிதல்ல.

பதினான்கு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே நாவலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இடையில் ஒரு தூக்குமேடை வந்து நின்றது. இறந்தவன் எதைக் கண்டு அந்தப் பாதையில் போனான் என்று தேடும் தம்பியின் கையில், அவன் படித்த புத்தகம் ஒரு சாட்சியாக மாறியது. ரஷ்யாவின் பிற வாசகர்களுக்குத் தூக்குமேடை வேண்டியிருக்கவில்லை. சாத்தப்பட்ட பல்கலைக்கழகக் கதவோ, தாய் பேசி முடித்த மாப்பிள்ளையோ போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே கலங்கியிருந்த மனத்துக்கு இந்த நாவல் செய்முறை சொன்னது. கலங்காதவர்கள் அதை அரைகுறைக் காதல் கதையாகப் படித்து மூடி வைத்தார்கள். கதே 1774இல் எழுதிய 'வெர்தர்' ஐரோப்பிய இளைஞர்களுக்கு நீலக் கோட்டையும் மஞ்சள் உள்சட்டையையும் ஒரு சோகத்தையும் தந்தது. லைப்ஸிக் நகரம் நாவலோடு அந்த உடைக்கும் தடை போட்டது. ஆனால் வெர்தரின் வாசகர் செய்யக்கூடியது அவனைப் போல உணர்வதும் உடுத்துவதும், மிஞ்சினால் சாவதும்தான். வேராவின் வாசகருக்குத் திங்கட்கிழமை காலை வேலை இருந்தது.

எதிரிகளும் இதன் வலிமையைச் சரியாகவே கணித்தார்கள். ஒதேசாவின் சட்டப் பேராசிரியர் த்சித்தோவிச் 1879இல் நாவலைத் தாக்கி ஒரு சிறுநூல் எழுதினார். பள்ளியிலேயே இதைப் படித்துவிடாத மாணவரைத் தான் பார்த்ததே இல்லை, வேரா பாவ்லவ்னா யாரென்று தெரியாத உயர்நிலைப் பள்ளிப் பெண்ணை மற்றவர்கள் அசடு என்பார்கள், புஷ்கினுக்கும் கோகலுக்கும் கூட இந்த இடம் இல்லை என்பது அவர் புலம்பல். ஆதரவாளர் பக்கத்திலிருந்து மார்க்சியச் சிந்தனையாளர் ப்ளெகானவ் அதையே பெருமையாகச் சொன்னார். தஸ்தயெவ்ஸ்கியின் எதிர்ப்பு வேறு தரத்தது. 1864இல் அவர் எழுதிய 'நிலவறைக் குறிப்புகள்', நாவலில் வேரா காணும் நான்காம் கனவில் வருங்கால மக்கள் கூடி வாழும் கண்ணாடி மாளிகையை நேராகக் குறிவைக்கிறது: கணக்குப் போட்டு மனிதனுக்கு இன்பம் ஏற்பாடு செய்துவிட முடியுமா, அதைக் கண்டதும் நாக்கைத் துருத்திக் காட்டத் தோன்றாதா என்று நிலவறை மனிதன் கேட்கிறான். செர்னிஷேவ்ஸ்கியின் லப்புகோவ், வழிவிடாத ஒரு கனவானைத் தூக்கிச் சாக்கடையோரம் கிடத்திவிட்டுப் போகிறான். நிலவறை மனிதனோ ஓர் அதிகாரியின் தோளில் இடிக்க நாள்கணக்கில் ஒத்திகை பார்க்கிறான். செர்னிஷேவ்ஸ்கியின் நாவல் இல்லாமல் இந்த மேதைமையான சிறு நாவல் இதே உருவத்தில் பிறந்திருக்காது. அதையும் இந்தப் புத்தகத்தின் விளைவுகளில் சேர்க்க வேண்டும்.

பிறகு அந்தப் புத்தகத்துக்கு நேர்ந்ததுதான் விசித்திரம். 1917க்குப் பின் வந்த ஆட்சி அதைத் தடை செய்யவில்லை, பாடமாக வைத்தது. சோவியத் பள்ளிகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் ராக்மேத்தவின் குணநலன்களை எழுதுக என்ற கேள்விக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அதே ஆணிப் படுக்கை, அதே ஐந்து குடைகள். யாரும் வீட்டை விட்டு ஓடவில்லை. வேரா பாவ்லவ்னாவின் நான்காம் கனவு என்பது நகைச்சுவைக்கு உதவும் தொடராகிப் போனது. ஒரு காலத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ரகசியமாக மாறிய பிரதி, படிப்பவருக்கு 'நீ எங்களில் ஒருவன்' என்ற செய்தியையும் சேர்த்துக் கொடுத்தது. ஆசிரியை விநியோகித்த பிரதியில் அது இல்லை. மதிப்பெண்ணுக்காகப் படித்த பிள்ளைகளில் ஒருவராவது எங்காவது உலுக்கப்பட்டிருக்கலாம்; அந்த வயதில் எதுவும் நடக்கும். ஆனால் 1860களில் எழுந்தது போன்ற ஓர் அலை மறுபடி எழவில்லை.

நபோக்கவ் இந்த நாவலாசிரியரைத் தன் 'கொடை' நாவலின் நான்காம் அத்தியாயத்தில் இரக்கமின்றிக் கிண்டல் செய்தார். அந்த நாவலை 1930களில் தொடராக வெளியிட்ட இதழை நடத்தியவர்கள், சோவியத் ஆட்சி பிடிக்காமல் நாட்டை விட்டு வந்த ரஷ்யர்கள். அவர்களே அந்த அத்தியாயத்தை மட்டும் அச்சிட மறுத்துவிட்டார்கள். முழு நூல் 1952இல்தான் வந்தது. சோவியத் ஒன்றியம் சரிந்துகொண்டிருந்த நாள்களில் விக்தர் பிலேவின் 'வேரா பாவ்லவ்னாவின் ஒன்பதாம் கனவு' என்றொரு சிறுகதை எழுதினார். அதில் வேரா மாஸ்கோவின் பொதுக் கழிப்பறை ஒன்றைத் துப்புரவு செய்பவள். உலகம் தன் நினைப்பில்தான் இருக்கிறது என்று அவள் தத்துவம் பேச, கழிப்பறை தனியார் கடையாக மாறுகிறது, நகரம் மலத்தில் மூழ்குகிறது. கதையின் கடைசியில் அவளுக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது: செர்னிஷேவ்ஸ்கியின் நாவலில் பாத்திரமாகப் போய் இருக்க வேண்டும்.